டாஸ் லேப்டாப்புக்குள் என்ன இருக்கிறது?

லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் விலைப் பட்டியலில் இதைக் கவனித்திருப்பார்கள். ஒரே மாடல், ஒரே பிராசஸர், ஒரே ராம், ஒரே எஸ்எஸ்டி. ஒன்றில் 'விண்டோஸ் 11 ஹோம்' என்று போட்டிருக்கும். இன்னொன்றில் 'டாஸ்' என்று போட்டு, விலை சில ஆயிரம் ரூபாய் குறைவாக இருக்கும். என்ன வித்தியாசம் என்று கேட்டால், "டாஸ்னா ஒண்ணும் இல்ல சார், எம்ப்டி. விண்டோஸ் நாங்களே போட்டுக் குடுத்துடுவோம்" என்பார் கடைக்காரர். சென்னை ரிச்சி தெருவிலும் சரி, மற்ற ஊர்க் கணினிக் கடைகளிலும் சரி, இந்தப் பதில் பெரும்பாலும் மாறுவதில்லை. அதில் இரண்டு கோளாறுகள் உண்டு. டாஸ் என்றால் ஒன்றுமில்லை என்பது ஒன்று. அவர் போட்டுக் கொடுக்கப்போகும் விண்டோஸ் இன்னொன்று. இரண்டையும் தெரிந்துகொண்டு வாங்குபவருக்கு டாஸ் லேப்டாப் அருமையான கொள்முதல். தெரியாமல் வாங்கினால், மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகச் செலவு வைக்கும்.

அந்த 'டாஸ்' மைக்ரோசாஃப்டின் பழைய இயங்குதளமான (ஓ.எஸ்.) எம்எஸ்-டாஸ் அல்ல. அநேகமாக எல்லாப் பெட்டிகளிலும் அது ஃப்ரீடாஸ். இனி விண்டோஸ்தான், டாஸுக்குத் தனி வாழ்வு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லத் தொடங்கிய 1994-ல், அமெரிக்காவில் கல்லூரி மாணவராக இருந்த ஜிம் ஹாலுக்கு அது பொறுக்கவில்லை. அந்த ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி, எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய ஒரு டாஸை எழுதுவோம் வாருங்கள் என்று இணையக் குழுவொன்றில் அறிவித்தார். முன்பின் பார்த்திராத நிரலாளர்கள் கைகோத்தார்கள். 1.0 பதிப்பு வெளிவர 2006 செப்டம்பர் ஆனது. இன்றும் அதைப் பராமரிக்கிறார்கள். பழைய விளையாட்டுகளையும், தொழிற்சாலைகளில் ஓடும் பழைய கட்டுப்பாட்டு நிரல்களையும் உயிரோடு வைத்திருப்பதற்கு அதுவே கதி.

ஆனால் 16 ஜிபி ராம் உள்ள ஒரு புது லேப்டாப்பில் அது என்ன செய்யும்? சாதாரண டாஸ் நிரலுக்குக் கிடைக்கும் நினைவகம் 640 கேபி. ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஓடும். பிராசஸரில் எட்டு கோர் இருந்தாலும் ஒன்றுதான் வேலை செய்யும். உள்ளே இருக்கும் வைஃபை சிப்பை அதற்குத் தெரியாது. கருப்புத் திரையில் எழுத்துகள் வரும், கட்டளை தட்டலாம், கோப்புகளைப் பட்டியலிடலாம், அவ்வளவுதான். அன்றாட வேலைக்கு அது வந்து சேரவில்லை. பெட்டியில் ஏதோ ஒரு ஓ.எஸ். இருக்கிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறது.

ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்? அதற்குப் பின்னால் ஒரு பழைய வியாபாரக் கதை இருக்கிறது. 1990-களின் தொடக்கம் வரை மைக்ரோசாஃப்ட் பல கணினி உற்பத்தியாளர்களோடு 'பிராசஸர் கணக்கு' உரிமம் என்ற ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தது. குறிப்பிட்ட பிராசஸர் பொருத்தி எத்தனை கணினி அனுப்புகிறீர்களோ அத்தனைக்கும் மைக்ரோசாஃப்டுக்குப் பணம் கட்ட வேண்டும். உள்ளே போட்டியாளரின் டிஆர்-டாஸ் இருந்தாலும் சரி, எதுவுமே இல்லாவிட்டாலும் சரி. இரண்டு முறை பணம் கட்ட எந்த உற்பத்தியாளர் சம்மதிப்பார்? அமெரிக்க நீதித் துறை தலையிட்டு, 1994 ஜூலையில் இந்த முறையைக் கைவிட மைக்ரோசாஃப்டை ஒப்புக்கொள்ள வைத்தது. பிறகும் ஓ.எஸ். இல்லாமல் விற்கும் 'நிர்வாண' கணினிகள் திருட்டு விண்டோஸுக்கு வழி என்ற குற்றச்சாட்டு ஓயவில்லை. எந்த ஓ.எஸ். என்றாலும் ஒன்றைப் போட்டே கணினி வெளியேற வேண்டும் என்று 2006-ல் சீன அரசே உத்தரவிட்டது. உரிமக் கட்டணம் இல்லாத, வட்டில் சில எம்பி இடம் போதும் என்கிற ஃப்ரீடாஸ் இந்தத் தேவைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

பொருந்தியது என்று இறந்த காலத்தில் சொல்வதற்குக் காரணம் உண்டு. புதிய கணினிகளில் ஃப்ரீடாஸ் நேரடியாக ஓடுவதே சிரமமாகிவிட்டது. எச்பி நிறுவனம் ஃப்ரீடாஸ் போட்டு விற்ற சில லேப்டாப்களைத் திறந்து ஆராய்ந்தவர்கள் அதற்குள் கண்டதை நினைத்தால் எனக்கு இன்னமும் வியப்பு அடங்கவில்லை. பொத்தானை அழுத்தியதும் முதலில் எழுவது ஒரு சிறிய லினக்ஸ். அந்த லினக்ஸ், க்யூஎமு என்ற மென்பொருளைக் கொண்டு ஒரு போலிக் கணினியை உருவாக்குகிறது. அந்தப் போலிக் கணினிக்குள் ஃப்ரீடாஸ் ஓடுகிறது. வாங்கியவர் திரையில் பார்ப்பது டாஸ். அடியில் முழு உயிரோடு இருப்பது லினக்ஸ்!

ஏன் இந்தச் சுற்று என்று புரிய, பொத்தானை அழுத்தியதும் நடப்பதைப் பார்க்க வேண்டும். மின்சாரம் வந்ததும் பிராசஸர் எஸ்எஸ்டியைத் தேடாது. எஸ்எஸ்டி என்ற ஒன்று இருப்பதே அப்போது அதற்குத் தெரியாது. 1985-ல் வந்த 386 சிப் முதல் இன்றுவரை, முதல் கட்டளையை அது தேடும் முகவரி ஒன்றே: 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே. அந்த முகவரி ராமுக்கு அல்ல, மதர்போர்டில் பற்றவைத்திருக்கும் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு ஃப்ளாஷ் சிப்புக்குப் போகிறது. அதற்குள் இருப்பதுதான் ஃபர்ம்வேர். ராமை எழுப்புவது, திரைக்கு உயிர் கொடுப்பது, எஸ்எஸ்டியைக் கண்டுபிடிப்பது எல்லாம் அதன் வேலை. லேப்டாப் 'எம்ப்டி' என்று சொன்னாலும் இது இல்லாமல் எந்த லேப்டாப்பும் வருவதில்லை. இதை எழுதியவர்கள் மைக்ரோசாஃப்டும் இல்லை, லினக்ஸ்காரர்களும் இல்லை; லேப்டாப் நிறுவனமும் அதற்கு ஃபர்ம்வேர் தரும் நிறுவனங்களும்தான்.

பழைய ஃபர்ம்வேரின் பெயர் பயாஸ். அது வட்டின் முதல் 512 பைட்டை மட்டும் வாசித்து, அதில் அதிகபட்சம் 446 பைட்டுக்குள் அடங்கும் ஒரு குட்டி நிரலின் கையில் கணினியை ஒப்படைத்துவிடும். ஃப்ரீடாஸ் இந்த ஏற்பாட்டுக்காக எழுதப்பட்டது. விசைப்பலகையை வாசிக்கவும் வட்டில் எழுதவும் ஒவ்வொரு முறையும் அது பயாஸைத்தான் கூப்பிடும். புதிய ஃபர்ம்வேரான யுஇஎஃப்ஐ-யில் அந்தக் கூப்பாட்டுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. பழைய மென்பொருளுக்காக பயாஸ் போல நடிக்கும் ஒரு பகுதியைச் சில காலம் சேர்த்து வைத்திருந்தார்கள். 2020-க்குள் அதை எடுத்துவிடப் போவதாக இன்டெல் 2017-ல் அறிவித்தது. நடித்த ஆள் போனபின், டாஸை ஓட்ட லினக்ஸும் போலிக் கணினியும் தேவைப்பட்டன.

யுஇஎஃப்ஐ வேறு விதமாகத் தேடும். எஸ்எஸ்டியில் அதற்கென ஒதுக்கிய ஒரு சிறு பகுதியைத் திறந்து, அங்கே சாதாரணக் கோப்பாகவே இருக்கும் துவக்க நிரலை எடுத்து ஓட்டும். விண்டோஸுக்கு ஒரு கோப்புறை, லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவுக்கு ஒரு கோப்புறை என்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். ஒரே லேப்டாப்பில் இரண்டு ஓ.எஸ். சண்டையில்லாமல் குடியிருப்பது இதனால்தான். டாஸ் லேப்டாப்பை வாங்கியவர் செய்ய வேண்டியதெல்லாம், வேறொரு கணினியில் பென் டிரைவ் ஒன்றைத் தயாரித்துச் செருகி, துவக்கப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுப்பது.

இங்கே ஒரு காவலர் உண்டு. 2012-ல் விண்டோஸ் 8-ஓடு பரவிய 'செக்யூர் பூட்', கையெழுத்தில்லாத துவக்க நிரலை ஓடவிடாது. கணினி எழும் முன்பே புகுந்துகொள்ளும் வைரஸைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு. ஆனால் எந்தக் கையெழுத்தை நம்ப வேண்டும் என்ற பட்டியலை ஃபர்ம்வேரில் எழுதுவது லேப்டாப் நிறுவனம்; அநேகமாக எல்லாவற்றிலும் அதில் இருப்பது மைக்ரோசாஃப்டின் சான்றிதழ். அதனால் லினக்ஸ்காரர்கள், 'ஷிம்' என்ற மிகச் சிறிய நிரலுக்கு மைக்ரோசாஃப்டிடம் கையெழுத்து வாங்கி, அதன் வழியாகத் தங்கள் ஓ.எஸ்.ஸை எழுப்புகிறார்கள். விண்டோஸே வேண்டாம் என்று வாங்கிய லேப்டாப்பிலும் வாசற்சாவி மைக்ரோசாஃப்டிடம் இருப்பது எனக்கு உறுத்துகிறது. செக்யூர் பூட்டை அணைக்கும் வசதி பெரும்பாலான லேப்டாப்களில் இருப்பது ஓர் ஆறுதல். ஷிம்முக்குக் கையெழுத்திட்டுவந்த 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழின் காலம் 2026 ஜூன் வரைதான். அதனிடத்தில் 2023-ல் உருவாக்கிய புதிய சான்றிதழ் வருகிறது. கடையில் நெடுநாள் கிடந்த சரக்கில் அது இல்லாமல் போகலாம்; அப்படிப்பட்டதை வாங்குகிறவர்கள் முதல் வேலையாக ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிடுவது நல்லது.

விண்டோஸ் லேப்டாப்புக்கும் டாஸ் லேப்டாப்புக்கும் வன்பொருளில் வித்தியாசமே இல்லையா என்றால், அந்த ஃப்ளாஷ் சிப்பில் ஒன்று உண்டு. விண்டோஸ் 8 காலம் முதல், விண்டோஸோடு வரும் லேப்டாப்களின் ஃபர்ம்வேரில் எம்எஸ்டிஎம் என்ற ஒரு சிறு அட்டவணையில் உரிமச் சாவி பதிந்திருக்கும்: ஐந்தைந்தாகப் பிரித்த 25 எழுத்துகள். எஸ்எஸ்டியைக் கழற்றி வேறொன்றைப் போட்டு, விண்டோஸை எத்தனை முறை மறுபடி நிறுவினாலும், அது இந்தச் சாவியைத் தானே வாசித்துக்கொள்ளும். டாஸ் லேப்டாப்பில் இந்தச் சாவி கிடையாது. நீங்கள் கொடுக்காமல் மிச்சம் பிடிக்கும் சில ஆயிரம் ரூபாய் இந்த 25 எழுத்துகளுக்கானதுதான்.

வித்தியாசம் சில ஆயிரம் மட்டும்தானா, விண்டோஸைத் தனியாக வாங்கினால் பத்தாயிரத்துக்கு மேல் ஆகிறதே என்று கேட்கலாம். லட்சக்கணக்கில் வாங்கும் நிறுவனத்துக்குக் கிடைக்கும் விலை வேறு. அதோடு, விண்டோஸ் லேப்டாப்பில் முன்கூட்டியே ஏற்றி வரும் சோதனைக்கால ஆன்டிவைரஸ், விளையாட்டு, விளம்பரச் செயலிகள் இவற்றுக்காக அந்தந்த மென்பொருள் நிறுவனங்கள் லேப்டாப் நிறுவனத்துக்குப் பணம் தருகின்றன. அது விண்டோஸின் விலையில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடும். ஈடுகட்டுவதன் விலை என்ன என்பது 2015 பிப்ரவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. லெனோவோ தன் சில மாடல்களில் ஏற்றி அனுப்பிய சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள், பாதுகாப்பான இணையதளங்களுக்கும் உலாவிக்கும் நடுவே புகுந்து, தானே தயாரித்த சான்றிதழைக் காட்டி, பக்கத்துக்குள் விளம்பரம் செருகியது. எல்லா லேப்டாப்களிலும் ஒரே ரகசியச் சாவி. அதன் கடவுச்சொல்லைப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். அதைக் கொண்டு, ஒரு காபிக் கடை வைஃபையில் பக்கத்து மேசைக்காரரின் வங்கிக் கணக்கை வேவு பார்க்க முடியும் என்ற நிலை. ஓ.எஸ். இல்லாமல் வாங்குவதில் பணத்தைவிடப் பெரிய லாபம் இதுதான்: எஸ்எஸ்டியில் என்ன இருக்கிறது என்பதை முதல் பைட்டிலிருந்து நாமே முடிவு செய்கிறோம்.

வேண்டாத விண்டோஸைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்டவர்களும் உண்டு. 1999 பிப்ரவரி 15-ஆம் தேதி கலிஃபோர்னியாவில் லினக்ஸ் பயனர்கள் பலர் மைக்ரோசாஃப்ட் அலுவலகத்துக்கே நடந்து போய்க் கேட்டார்கள். உற்பத்தியாளரிடம் கேளுங்கள் என்று பதில் வந்தது. ஐரோப்பாவில் வழக்குகள் நடந்தன. மென்பொருளோடு சேர்த்தே கணினியை விற்பதும், அதன் விலையைத் தனியாகக் காட்டாததும் அதனளவில் முறைகேடு அல்ல என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016-ல் சொல்லிவிட்டது. ஆனால் இத்தாலியில் ஒருவர், தன் லெனோவோ லேப்டாப்பின் விண்டோஸுக்காக 42 யூரோ கேட்டு விடாமல் போராடினார். 2020 டிசம்பரில் மோன்சா நகர நீதிமன்றம், அவரை அலைக்கழித்ததற்காக 20,000 யூரோ இழப்பீடும் தரச் சொன்னது. நம் ஊரில் இத்தனை அலைச்சலுக்கு அவசியமில்லை. டாஸ் மாடல் கடையிலேயே கிடைக்கிறது.

இப்போது கடைக்காரரின் 'நாங்களே போட்டுக் குடுத்துடுவோம்' என்பதற்கு வருவோம். சாவி இல்லாத லேப்டாப்பில் இலவசமாகப் போட்டுத் தரும் விண்டோஸுக்கு உரிமம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் 'ஆக்டிவேட்டர்' என்ற கள்ள நிரலைக் கொண்டு விண்டோஸை ஏமாற்றுகிறார்கள். அந்த நிரல் ஓட, முதலில் ஆன்டிவைரஸை அணைக்க வேண்டும். பிறகு அது கணினியின் உச்ச அதிகாரத்தோடு ஓடும். யார் எழுதியது, வேறென்ன செய்கிறது என்று போட்டுக் கொடுப்பவருக்கே தெரியாது. அந்த லேப்டாப்பில்தான் பிறகு வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுகிறோம். இதை நான் சட்டப் பிரச்சினையாக மட்டும் பார்க்கவில்லை. வாசலைத் திறந்து வைத்த வீட்டில் பிள்ளைகளைத் தூங்க வைப்பது இது. வேலைக்கு விண்டோஸ் கட்டாயம் தேவை என்பவர்கள் — டேலி போடுகிறவர்கள், ஆட்டோகேடில் வரைகிறவர்கள் — அந்தச் சில ஆயிரத்தைக் கொடுத்து விண்டோஸ் மாடலையே வாங்கிவிடுங்கள். டாஸ் மாடலை வாங்கிப் பிறகு விண்டோஸைத் தனியாக வாங்கினால் நட்டம் உங்களுக்கே.

முறையாக உரிமம் வாங்கி விண்டோஸை நாமே நிறுவுவதிலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. 2020-க்குப் பின் வந்த பல இன்டெல் லேப்டாப்களில் எஸ்எஸ்டி, விஎம்டி என்ற இடைக் கட்டுப்பாட்டகத்துக்குப் பின்னால் இருக்கும். விண்டோஸ் நிறுவியில் அதற்கான டிரைவர் இல்லையென்றால், 'டிரைவ் எதுவும் இல்லை' என்று திரையில் வரும். புது எஸ்எஸ்டி பழுது என்று பதறிக் கடைக்கு ஓட வேண்டாம். டிரைவரைப் பென் டிரைவில் வைத்துக் காட்டினால் போதும். லினக்ஸில் இந்த டிரைவர் கருவோடு (கெர்னல்) சேர்ந்தே வருகிறது. அடுத்தது வைஃபை. விண்டோஸ் 11 ஹோம் நிறுவும்போதே இணையம் கேட்கும். இணையத்துக்கு வைஃபை டிரைவர் வேண்டும். டிரைவரை இறக்க இணையம் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து இணையம் கொடுத்தால் பெரும்பாலும் முடிச்சு அவிழும்.

லினக்ஸ் போட எண்ணுகிறவர்கள் பிராசஸரைப் பார்ப்பதற்கு முன் வைஃபை சிப் யாருடையது என்று பாருங்கள். இன்டெல் வைஃபை என்றால் நிம்மதி. மிகப் புதிய ரியல்டெக், மீடியாடெக் சிப் என்றால் லினக்ஸ் கருவும் புதிதாக இருக்க வேண்டும். காரணம் எளிது. வைஃபை சிப்புக்குள்ளும் ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. அதற்கான ஃபர்ம்வேரை ஒவ்வொரு முறையும் ஓ.எஸ்.தான் ஏற்ற வேண்டும். மூலநிரல் வெளிப்படையாக இல்லாத இந்தக் கோப்புகளைத் தன் நிறுவியில் சேர்ப்பதில்லை என்று டெபியன் என்ற லினக்ஸ் வகை நெடுங்காலம் கொள்கையாகவே வைத்திருந்தது. வைஃபை வேலை செய்யாமல் திண்டாடியவர்கள் ஏராளம். 2022-ல் உறுப்பினர்கள் வாக்களித்துக் கொள்கையை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அவை சேர்ந்தே வருகின்றன. சுதந்திர மென்பொருளில் உறுதியாக இருப்பவர்களுக்கு அது கசப்பான முடிவுதான். முதல் முறை லினக்ஸ் போடும் மாணவருக்கு அது பேருதவி என்பதால் நான் அந்த வாக்கெடுப்பின் பக்கம் நிற்கிறேன்.

விரல் ரேகை வாசிப்பான் இன்னும் பல மாடல்களில் லினக்ஸோடு பேசுவதில்லை. அது முக்கியமென்றால் மாடல் பெயரோடு தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். என்விடியா கிராஃபிக்ஸ் முன்பு பெரிய தலைவலி. 2022 மே மாதம் அந்நிறுவனம் தன் கரு டிரைவரின் மூலநிரலை வெளியிட்ட பின் நிலைமை தேறி வருகிறது.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்குத் தயக்கம் வேண்டாம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் பிறந்த தமிழ்99 விசைப்பலகை லினக்ஸின் அமைப்புகளிலேயே இருக்கிறது, தேர்ந்தெடுத்தால் போதும். நம் மாநிலத்துக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2000-களின் பிற்பகுதியிலேயே தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கியது அது. எது வேண்டும் என்று கேட்கும் அந்தத் துவக்கத் திரையை முதலில் பார்த்த பிள்ளைகளுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. கேரளம் இன்னும் துணிந்து, பள்ளிக் கணினிக் கல்வியையே லினக்ஸில் நடத்துகிறது.

ஃபர்ம்வேரைப் பின்னாளில் புதுப்பிக்க என்ன வழி என்பதையும் வாங்கும்போதே விசாரியுங்கள். சில நிறுவனங்கள் விண்டோஸில் மட்டும் ஓடும் கோப்பாகத் தருகின்றன. டெல், லெனோவோ போன்றவை பல மாடல்களுக்கு எல்விஎஃப்எஸ் என்ற பொதுக் களஞ்சியம் வழியாகவும் தருகின்றன. அதில் இருக்கும் மாடல் என்றால் லினக்ஸ் தானே இறக்கிப் புதுப்பித்துக்கொள்ளும். ஓ.எஸ். மாற்றினால் வாரண்டி என்னாகும் என்பதையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வந்ததும் எஸ்எஸ்டியில் கை வைக்கவே வேண்டாம். 8 ஜிபி பென் டிரைவில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, நிறுவாமலே அதிலிருந்து ஓட்டுங்கள். வைஃபை, ஒலி, கேமரா, டச்பேட், திரை வெளிச்சத்தைக் கூட்டும் விசை, எச்டிஎம்ஐ எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். தூக்க நிலையைச் சோதிக்க மறக்காதீர்கள். பல புதிய லேப்டாப்களில் ராமைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிடும் பழைய ஆழ்தூக்கம் இல்லை. கைப்பேசி போல அரைத்தூக்கத்தில் இருக்கும் முறைதான் உண்டு, அது லினக்ஸில் மாடலுக்கு மாடல் மாறும். இரவில் சார்ஜ் எவ்வளவு என்று குறித்துவிட்டு மூடியை மூடுங்கள். காலையில் சில சதவீதம் குறைந்திருந்தால் சரி. பாதி காலியாகி, அடிப்பகுதி சுட்டுக்கொண்டிருந்தால், ஃபர்ம்வேரைப் புதுப்பித்து இன்னொரு இரவு பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் வேறு மாடலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.